மொட்டை மாடியில் தொடங்கி ஏலகிரி வரை: பிள்ளைகளோடு முதல் கேம்ப்

முதல் தடவை ஏலகிரிக்கு டென்ட் போடக் கிளம்பியபோது ஒரு தாள் நிறைய நிகழ்ச்சி நிரல் எழுதிக்கொண்டு போனேன். 11 மணிக்குப் பாட்டுக்குப் பாட்டு, 12 மணிக்கு ஓவியப் போட்டி, 3 மணிக்கு சாக்கு ஓட்டம். கலர் பென்சிலிலிருந்து பரிசுப் பொருள் வரை பையில் இருந்தது. 11.20-க்கே அக்காவின் மூத்த பையன் வந்து நின்றான். "போர் அடிக்குது சித்தி, போன் குடு."

அதே பையன் அன்று சாயங்காலம் தம்பியையும் என் மகளையும் கூட்டிக்கொண்டு குழாயடியிலிருந்து ஒரு குடம் தண்ணீரை மூன்று பேராகத் தூக்கி வந்தான். பாதி வழியில் கொட்டியது. திரும்பப் போனார்கள். நாலு நடை. யாரும் சொல்லவில்லை, யாரும் பரிசு தரவில்லை. இருட்டிய பிறகு அந்த மூவரும் டார்ச்சை அணைத்துவிட்டு அரைமணி நேரம் கிசுகிசுத்துக்கொண்டு கிடந்தார்கள். வீடு திரும்பிய பிறகு அவர்கள் பேசியது தண்ணீர்க் குடத்தைப் பற்றியும் இருட்டைப் பற்றியும்தான். ஓவியப் போட்டியை ஒருவரும் நினைவு வைத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் போன ஒவ்வொரு கேம்ப்பிலும் இரண்டே விதிதான். பிள்ளைகளுக்கு நிஜமான வேலை கொடுப்பது, இருட்டை வெளிச்சம் போட்டுக் கெடுக்காமல் இருப்பது. முதல்முறை போகிறவர்களுக்காக, எங்கள் அனுபவத்திலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். ஏலகிரியை வைத்துச் சொன்னாலும் ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும்.

நாளும் இடமும்

பொங்கல் விடுமுறை மாதிரி நல்ல காலம் கிடையாது. மழை விட்டிருக்கும், வானம் தெளிந்திருக்கும், வெயில் உறைக்காது. தேதி குறிக்கும் முன் தினசரி காலண்டரில் பிறை பாருங்கள். அமாவாசைக்கு நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும் என்பது சரிதான். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு முதல் இரவே கும்மிருட்டு என்றால் பயம் வந்துவிடும். மூன்றாம் பிறைக்கும் ஐந்தாம் பிறைக்கும் நடுவே போனால், சமைத்துச் சாப்பிடும்வரை கொஞ்சம் நிலவொளி இருக்கும். எட்டரை, பத்து மணிக்குள் நிலா இறங்கிவிடும். அதற்குள் பிள்ளைகளின் கண்ணும் மனசும் இருட்டுக்குப் பழகியிருக்கும்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் டென்ட் போடக் கூடாது. டென்ட் இடம் வாடகைக்கு விடுகிற தனியார் தோட்டங்கள் ஏலகிரியில் உண்டு. முதல்முறை அப்படி ஓரிடமே போதும். போனில் மூன்று கேள்வி கேளுங்கள்: கழிப்பறை டென்டிலிருந்து எத்தனை தூரம்? அடுப்பு மூட்ட இடம் இருக்கிறதா? இரவில் பாட்டுப் போடுவார்களா? மூன்றாவது கேள்வி எனக்குச் சூடுபட்ட பிறகு வந்தது. ஓரிடத்தில் ஸ்பீக்கர் ராத்திரி பதினொன்றரை வரை அதிர்ந்தது. டென்ட் துணியால் அதைத் தடுக்க முடியுமா என்ன?

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு

மொட்டை மாடியில் ஓர் இரவு படுத்துப் பாருங்கள். டென்ட் இருந்தால் டென்டில், இல்லாவிட்டால் பாயும் கொசுவலையும் போதும். யாருக்கு நடுராத்திரி சிறுநீர் வரும், யார் போர்வையை உதைப்பார்கள், யார் இரண்டு மணிக்கு எழுந்து "அம்மா கிட்ட போகணும்" என்பார்கள் என்பதெல்லாம் வீட்டிலேயே தெரிந்துவிடும். மாடிப்படி இறங்கினால் வீடு. மலையில் அந்த வசதி இல்லை.

அன்றைக்கே ஆளுக்கொரு பொறுப்பைப் பேசி முடித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஆறு வயது மகளுக்கு முளைக் கணக்கு. டென்டுக்கு எத்தனை முளை, எண்ணிப் பையில் போட்டு, திரும்பும்போது அதே எண்ணிக்கையை ஒப்படைக்க வேண்டும். அக்காவின் சின்னவனுக்குத் தண்ணீர் இலாகா, பெரியவனுக்கு டார்ச்சும் பேட்டரியும். ஆளுக்கொரு விசில் கழுத்தில். வழி தெரியாவிட்டால் நின்ற இடத்திலேயே நின்று மூன்று முறை ஊத வேண்டும். விளையாட்டுக்கு ஊதினால் விசில் பறிமுதல்.

மலையேறும் வழியில்

ஏலகிரி ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை உண்டு. பாரதியார், பாரதிதாசன், திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார் என்று ஏழு புலவர்கள். பாரி, காரி, ஓரி, நள்ளி, ஆய், அதியமான், பேகன் என்று ஏழு வள்ளல்கள். காருக்குள் விளையாட இதைவிட என்ன வேண்டும்? முதல் நாளே பெயர்களைச் சீட்டுப் போட்டு பிரித்துக்கொள்ளுங்கள். பலகை வரும்போது அந்தப் பெயருக்கு உரியவர் அடுத்த வளைவுக்குள் கதையைச் சொல்லி முடிக்க வேண்டும். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான், அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் வீழ்த்திய ஓரி கதைக்குத்தான் எங்கள் காரில் அடிதடி. மயிலுக்குப் போர்வை போர்த்திய பேகன் கதை முடிந்ததும் சின்னவன் கேட்டான்: "மயில் அதை என்ன பண்ணிச்சு?" இன்றுவரை எனக்கு பதில் தெரியாது.

இதில் ஒரு மறைமுக லாபமும் இருக்கிறது. பலகையைத் தேடுகிற பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். மொபைலைக் குனிந்து பார்க்கிற பிள்ளைதான் எட்டாவது வளைவில் வாந்தி எடுக்கும். இருந்தாலும் ஒரு பிளாஸ்டிக் கவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வண்டி ஓட்டுகிறவரை மட்டும் ஆட்டத்தில் சேர்க்காதீர்கள்.

இறங்கியதும்

பெரியவர்கள் செய்கிற முதல் தப்பு, "நீங்க போய் விளையாடுங்க, நாங்க டென்ட் போடுறோம்" என்பது. டென்ட் போடுவதுதான் விளையாட்டு. கல் பொறுக்குவதிலிருந்து பிள்ளைகள் இருக்கட்டும். படுத்துப் பார்த்து முதுகில் எது குத்துகிறது என்று சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் அதை உருண்டு உருண்டு செய்வார்கள். முளையை டென்டுக்கு வெளிப்புறமாகச் சாய்த்து அடிக்க வேண்டும், தலை வெளியே பார்த்திருக்க வேண்டும் என்று ஒரு தடவை காட்டிக்கொடுங்கள். பெரிய மரத்தின் பட்டுப்போன கிளைக்கு நேர் கீழே போடாதீர்கள். மேலே தேன்கூடு இருக்கிறதா என்றும் அண்ணாந்து பாருங்கள். நீங்கள் இருபது நிமிடத்தில் முடிக்கிற வேலை அவர்களோடு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டுமே.

சாப்பாட்டுப் பைகளைக் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். ஏலகிரிக் குரங்குகளுக்கு ஜிப் திறக்கத் தெரியும் என்று நான் சத்தியம் செய்யத் தயார்.

பிறகு எல்லை நடை. எல்லோரும் சேர்ந்து முகாமைச் சுற்றி ஒரு வட்டம். இந்தப் பாறை வரை, அந்தப் பலாமரம் வரை. அதைத் தாண்டினால் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். எல்லையைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தால் அவர்களே ஒருவரையொருவர் காவல் காப்பார்கள்.

நிழல் குச்சி

எங்கள் கேம்ப்களில் இதுவரை ஒரு தடவைகூடத் தோற்காத விளையாட்டு இது ஒன்றுதான். செலவு ஒரு குச்சி.

வெயில் விழுகிற சமதரையில் மூன்றடி உயரக் குச்சி ஒன்றை நேராக நடுங்கள். நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல். கால் மணிக்கு ஒரு தடவை ஓடிவந்து, அப்போது நுனி எங்கே இருக்கிறதோ அங்கே இன்னொரு கல். பதினொன்றரைக்குத் தொடங்கி ஒன்றரை வரை. நடுவில் அவர்கள் எங்கே வேண்டுமானாலும் ஓடட்டும், கால் மணி ஆனதும் தானாகத் திரும்பி வருவார்கள். கல் வைக்கும் முறைக்குச் சண்டை வரும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல் வரிசையில் குச்சிக்கு மிகப் பக்கத்தில் இருப்பது எது? குச்சியின் அடியிலிருந்து அந்தக் கல்லுக்குக் கோடு இழுத்தால் அது வடக்கு. ஜனவரியில் சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்து போவதால் உச்சி நிழல் வடக்கே விழும். மூன்றடிக் குச்சிக்கு அந்நேரம் ஏறக்குறைய இரண்டடி நிழல்.

இப்போது மணியைப் பார்க்கச் சொல்லுங்கள். 12 இருக்காது. பொங்கல் சமயத்தில் ஏலகிரியில் நிழல் மிகக் குறுகுவது 12.25 அளவில். நம் கடிகாரம் ஓடுவது 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக் கணக்கில், ஏலகிரி அதற்கு மேற்கே இருக்கிறது. இது ஒரு கால் மணித் தாமதம். மிச்சம் பத்து நிமிடம் பூமி சூரியனைச் சுற்றுகிற வேகம் மாறுவதாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் வருகிறது. பெரியவன் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ ஸ்கூல் பெல் தப்பா?" என்றான்.

அந்த வடக்குக் கோட்டைக் கயிறு கட்டி அப்படியே விட்டுவையுங்கள். ராத்திரி வேலை இருக்கிறது.

மதியத்துக்கு மேல்

சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் எதுவும் வேண்டாம். பெரியவர்கள் தூங்கட்டும். மரநிழலில் தாயம், ஐந்தாங்கல், ஆடு புலி ஆட்டம். கட்டத்தைத் தரையில் குச்சியால் கீறினால் போதும். ஆடுபுலிக்குப் புளியங்கொட்டையும் கூழாங்கல்லும். பாட்டி தாத்தா உடன் வந்திருந்தால் இந்த நேரத்தை அவர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள். என் அம்மா தாயத்தில் பேரப்பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுக்கவே மாட்டார். அதனால்தான் அவரோடு ஆடப் போட்டி.

நாலு மணிக்கு ஒரு நடை. புங்கனூர் ஏரிக்கரை நல்ல சமதரை, தள்ளுவண்டிக் குழந்தையையும் கூட்டிப்போகலாம். எட்டு வயதுக்கு மேல் என்றால், சுவாமிமலை உச்சிக்கு ஏறும் பாதையைப் பற்றி விசாரித்து மறுநாள் காலை போகலாம். வனத்துறைப் பாதைகளில் அனுமதியும் வழிகாட்டியும் அவசியம்.

நடக்கும்போது 'ஏழு பச்சை' ஆடிப்பாருங்கள். கீழே உதிர்ந்து கிடக்கிற இலைகளில் மட்டும் ஏழு விதமான பச்சை சேர்க்க வேண்டும். பறித்தால் ஆட்டம் காலி. மூன்று வயதும் ஆடலாம், முப்பது வயதும் ஆடலாம். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை என்று பெயர் வைப்பதில் பெரியவர்களுக்குத்தான் தகராறு வரும்.

கூட்டாஞ்சோறு

முன்பெல்லாம் தெருப்பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி அரிசி, பருப்பு, ஒரு கத்திரிக்காய் என்று வீட்டிலிருந்து கொண்டுவந்து மரத்தடியில் சமைப்பார்கள். கேம்ப்புக்கு அதைவிடப் பொருத்தமான சமையல் எனக்குத் தெரியவில்லை. வீட்டிலேயே ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு சாமானைக் கொடுத்துவிடுங்கள். அது அவர்கள் பையில்தான் வர வேண்டும்.

எட்டுப் பேருக்கு மூன்று டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் பருப்பு. துவரம்பருப்பு குக்கர் இல்லாமல் வேக நேரமாகும், பசியில் பிள்ளைகள் அழுவார்கள். பாசிப்பருப்பு எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறு டம்ளர் தண்ணீர் கொதித்ததும் பருப்பு. அது பாதி வெந்ததும் அரிசியும் கத்திரிக்காய், முருங்கைக்காய், மொச்சை, கேரட்டும். புளியை மட்டும் கடைசியில் ஊற்றுங்கள். முன்னாலேயே ஊற்றினால் காய் வேகாமல் விறைத்து நிற்கும். சாம்பார் பொடி, உப்பு, கைப்பிடி முருங்கைக் கீரை, மேலே நல்லெண்ணெயில் தாளித்த கடுகு, வெங்காயம். கீரை உருவுவது, மொச்சை உரிப்பது, வெங்காயம் தோலுரிப்பது பிள்ளைகள் வேலை. அரிவாள்மனையும் கொதிக்கிற பாத்திரமும் நம் வேலை.

அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை மறக்க முடியாது. இடம் கொடுத்தவர் காட்டுகிற இடத்தில் மட்டும் அடுப்பு. சுற்றி இரண்டு மீட்டருக்குச் சருகைப் பெருக்குங்கள், ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில். ஓடைக் கல்லை அடுப்புக்கல்லாக வைக்காதீர்கள், உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடிக்கும். எதையாவது குச்சியில் குத்திச் சுடுவதாக இருந்தால் வீட்டிலிருந்து மூங்கில் குச்சியோ கம்பியோ கொண்டுபோங்கள். பக்கத்தில் நிற்கிற செடியை ஒடித்தால் அது அரளியாக இருக்கலாம், அரளி விஷம். காற்று அடித்தால் தீயே வேண்டாம், கேஸ் ஸ்டவ்வில் சமையுங்கள்.

தணல் ஆனதும் சாம்பலில் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் பனங்கிழங்கும் புதையுங்கள். தை மாதத்தில் இரண்டுமே சந்தையில் கிடைக்கும். நடுத்தர சர்க்கரைவள்ளிக்கு முக்கால் மணி நேரம். தோல் கருகி, அழுத்தினால் உள்ளே மெத்தென்று அமுங்கும். பிளந்தால் ஆவி மூக்கில் அடிக்கும், ஓரத்தில் பாகு கசிந்து கருத்திருக்கும். அந்தக் கருகின ஓரத்துக்குத்தான் கை நீளும்.

படுக்கும் முன் தீயை நீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையைச் சாம்பலுக்கு அருகில் கொண்டுபோனால் சூடு தெரியக் கூடாது.

இருட்டு

நிலா இருக்கும்போதே வேட்டி விளையாட்டு. இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டி ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள். பின்னால் டார்ச் வைத்தால் நிழல் கூத்து. கைவிரலில் மானும் நாயும் காட்டத் தொடங்கி, பத்து நிமிடத்தில் அவர்களே கதையைக் கட்டிவிடுவார்கள். கூத்து முடிந்தும் விளக்கை அணைக்காமல் கால் மணி விட்டுவைத்தால் அந்துப்பூச்சிகள் வந்து துணியில் உட்காரும். தொடாமல் எண்ணுங்கள். குளிர் கடுமையான இரவில் ஏழெட்டுதான் வரும், அது போதும்.

பிறகு எல்லா விளக்கையும் அணையுங்கள். மொபைலும்தான். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் வேண்டும். அந்த இருபது நிமிடம் விடுகதைக்கு. "ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்ட, ஒருவன் கண்பட்டு உடைந்ததாம் மண்டபம்", அது என்ன? காலையில் அண்ணாந்து பார்த்த தேன்கூடு ஞாபகம் வருகிற பிள்ளை முந்திக்கொள்ளும். நடுவில் யாராவது டார்ச் அடித்தால் இருபது நிமிடமும் முதலிலிருந்து. வழி பார்க்க விளக்கு வேண்டுமென்றால் டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பாயில் மல்லாந்து படுங்கள். பொங்கல் சமயத்தில் எட்டு மணிக்குத் தலைக்கு மேலே கார்த்திகைக் கூட்டம் இருக்கும். எத்தனை தெரிகிறது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக எண்ணட்டும். பெரும்பாலும் ஆறு வரும். சங்க இலக்கியத்தில் அதற்கு அறுமீன் என்றே பெயர். கிழக்கே மூன்று நட்சத்திரம் ஒரே கோட்டில் நிற்பது ஓரியன் என்கிற நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புப் பட்டை. அதற்கு வடக்கே செவ்வெளிச்சமாகத் தெரிவது திருவாதிரை. ஒன்பது மணிக்கு மேல் தெற்கே தாழ்வாக ஒரு பிரகாசமான வெள்ளைப் புள்ளி. அது அகத்தியர். பதினொரு மணி அளவில் நேர் தெற்கே வரும். தெற்கே போனவர் தெற்கிலேயே நிற்கிறார் என்று பிள்ளைகளிடம் சொன்னால் மறக்க மாட்டார்கள்.

இப்போது மதியம் கட்டிய கயிறு. அதன் வழியே வடக்கே பார்க்கச் சொல்லுங்கள். கையை நீட்டி, முஷ்டியை அடிவானத்தின் மேல் வைத்தால் முஷ்டிக்குச் சற்று மேலே மங்கலாக ஒரு நட்சத்திரம் தனியாகத் தெரியும். துருவ நட்சத்திரம். நாம் எந்த அட்சரேகையில் இருக்கிறோமோ அத்தனை பாகை உயரத்தில்தான் அது நிற்கும். ஏலகிரிக்குப் பன்னிரண்டரை, நீட்டிய கையின் முஷ்டி ஏறக்குறைய பத்து. குன்றோ மரமோ மறைத்தால் நாலடி தள்ளி நின்று பாருங்கள். பகலில் கூழாங்கல் வைத்துக் கண்டுபிடித்த திசையில் ராத்திரி அது நிஜமாகவே நிற்பதைப் பார்த்ததும் சின்னவன் ஓடிப்போய்க் குச்சியை ஒரு தடவை தொட்டுவிட்டு வந்தான்.

இதில் ஆசை பிடித்துவிட்டால் மறுநாள் பக்கத்து ஜவ்வாது மலைக்குப் போகலாம். காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் அங்கே பயன்பாட்டுக்கு வந்தது. பொதுமக்களை எல்லா நாளும் விடுவதில்லை, முன்கூட்டி விசாரித்துவிட்டுப் போங்கள்.

விடிகாலை

யாராவது ஒரு பிள்ளை ஐந்து மணிக்குச் சிறுநீர் கழிக்க எழும். அதைத் திட்டாமல், போர்வையைச் சுற்றி வெளியே கூட்டி வந்து வடக்கே காட்டுங்கள். ராத்திரி இல்லாத சப்தரிஷி மண்டலம் இப்போது உயரத்தில் நிற்கும். வாலில் நுனியிலிருந்து இரண்டாவது வசிட்டர், அதை ஒட்டி மங்கலாக அருந்ததி. கல்யாணத்தில் பகலில் கைகாட்டுகிற அதே அருந்ததிதான். கண்ணுக்குத் தெரிகிறதா என்று பிள்ளையிடம் கேளுங்கள். எனக்குத் தெரியவில்லை, மகளுக்குத் தெரிந்தது.

வெளுத்த பிறகு ஐந்து நிமிடம் 'சத்தப் படம்'. தாளின் நடுவில் ஒரு புள்ளி, அதுதான் நான். எந்தப் பக்கத்திலிருந்து என்ன சத்தம் வருகிறதோ அந்தப் பக்கத்தில் ஒரு குறி. செம்போத்தின் 'ஊப் ஊப்', தவிட்டுக்குருவிகளின் கச்சேரி, தூரத்தில் ஒரு மோட்டார், அப்பாவின் குறட்டை. பெயர் தெரியாவிட்டால் சத்தத்தை அப்படியே எழுதட்டும்.

கிளம்பும்போது அவரவர் இலாகா அவரவர் பொறுப்பு. குப்பை ஒரு துண்டு மிச்சமில்லாமல் பையில், நிழல் கடிகாரக் கற்கள் எடுத்த இடத்துக்கே, முளை எண்ணிக்கை சரிபார்ப்பு. எங்களுக்கு ஒன்று குறைந்தது. மகள் யாரையும் காரில் ஏறவிடவில்லை. இருபது நிமிடம் தேடி, என் செருப்புக்கு அடியில் கண்டுபிடித்தோம்.

டென்டைப் பனி ஈரத்தோடு மடித்திருப்பீர்கள். அப்படியே பரணில் போட்டால் பூஞ்சை பிடித்து நாறும். வீட்டுக்குப் போனதும் மொட்டை மாடியில் விரித்துக் காய வையுங்கள். காய ஒரு நாள் போதும். ஆனால் எங்கள் வீட்டில் அது பள்ளி திறக்கும்வரை மாடியை அடைத்துக்கொண்டு நின்றது, துணி காயப்போட இடமில்லாமல்.